செருப்புக் கணக்கு

எங்கள் வீட்டு மாடிப்படி முடிகிற இடத்தில், மேல் போர்ஷன் வாசலில், மூன்று ஜோடி செருப்பு கிடக்கும். குடித்தனக்காரரின் லெதர் செருப்பு, அவர் மனைவியின் தட்டைச் செருப்பு, ஆறு வயசுப் பெண்ணின் ரோஸ் கலர் செருப்பு. நாலாவதாக ஒரு ஜோடி தெரிந்தால் விருந்தாளி. அது மறுநாள் காலையிலும் அங்கேயே கிடந்தால் தங்குகிற விருந்தாளி. தங்குகிற விருந்தாளி குளிப்பார், துணியும் துவைக்கப் போடுவார். என் மோட்டார் இரண்டாவது தடவை ஓடும்.

இந்தக் கணக்கெடுப்பைத் தினமும் காலை ஆறு மணிக்கு, மொட்டைமாடித் துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் போகிற சாக்கில் செய்கிறேன். துளசி பட்டுப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. சொம்பில் தண்ணீர் எடுத்துப் போவதை மட்டும் நான் விடவில்லை.

முப்பத்தைந்து வருஷம் ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டோர்ஸ் கீப்பராக இருந்தவன் நான். போல்ட் எத்தனை, நட் எத்தனை என்று எண்ணியே ரிட்டயர் ஆனேன். எண்ணுகிற வியாதி பென்ஷனோடு நிற்பதில்லை. பென்ஷன்தான் இல்லை, வியாதியாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மடிப்பாக்கத்தில் கீழும் மேலுமாக ஒரு வீடு. கீழே நாங்கள், மேலே வாடகை. என் சட்டதிட்டங்கள் எளிமையானவை. வாடகை ஐந்தாம் தேதிக்குள். சுவரில் ஆணி கூடாது. தண்ணீருக்கு மாதம் 300 ரூபாய். கரண்டுக்கு சப் மீட்டர், யூனிட்டுக்கு 8 ரூபாய். வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் தமிழ்நாட்டில் வந்ததல்லவா, அந்த இலவசம் எங்கள் வீட்டில் கீழ்த்தளத்தோடு நின்றுவிடுகிறது. மாடி ஏறுவதில்லை. முட்டிவலிக்காரன் வீட்டுச் சலுகைக்கும் முட்டிவலி இருக்காதா?

இப்பேர்ப்பட்ட நான்தான், சாயங்காலம் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, செல்போன் கம்பெனிகளின் அநியாயத்தைப் பற்றி நண்பர்களிடம் முழங்குகிறவன்.

"காசு கொடுத்து டேட்டா வாங்கியாச்சு. அதை போன்ல குடிச்சா என்ன, ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்ல ஊத்திக் குடிச்சா என்ன? பால்காரன் வந்து, 'இந்தப் பால்ல காபி போட்டா ஒரு ரேட்டு, உறை ஊத்தினா வேற ரேட்டு'ன்னு சொன்னா விடுவோமா?"

பெஞ்சில் இருக்கிற மூன்று பேரும் தலையாட்டுவார்கள். அதில் இரண்டு பேர் வீட்டுக்காரர்கள். மூன்றாமவர் காது கேளாதவர்.

இந்தப் பால் உதாரணம் எனக்கு நியூஜெர்சியில் சுரந்தது. 2010-இல் மகளின் பிரசவத்துக்கு ஒரு மாத லீவில் போயிருந்தேன். மாப்பிள்ளை ஒருநாள் காலையில் பேப்பரைப் படித்துவிட்டுச் சிரித்தார். ஏ.டி. அண்டு டி. கம்பெனி அந்த ஜூனிலிருந்து புது ஆட்களுக்கு அளவில்லா டேட்டாவை நிறுத்தியிருந்தது. 25 டாலருக்கு 2 ஜி.பி. என்று கணக்கு வந்துவிட்டது. போனிலிருந்து லேப்டாப்புக்கு இணைப்புக் கொடுக்க மேலும் 20 டாலர். சரி, அந்த 20 டாலருக்கு எவ்வளவு டேட்டா கூடுதலாகத் தருகிறார்கள் என்று கேட்டேன். ஒரு சொட்டும் கிடையாதாம். அதே 2 ஜி.பி.தான். அதைப் பகிர்ந்துகொள்வதற்கு 20 டாலர்.

அன்றைய கணக்கில் ரூபாயில் தொள்ளாயிரத்துக்கு மேல். நான் கொதித்துப்போனேன். "இது என்ன அநியாயம் மாப்பிள்ளை? நம்ம பானையில இருக்கற தண்ணியை நம்ம வீட்டு விருந்தாளி மொண்டு குடிச்சா, பானை வித்தவன் வந்து காசு கேப்பானா?" என்றேன். மாப்பிள்ளை எனக்கு மரியாதை கொடுப்பவர். ஒன்றும் சொல்லவில்லை. மகள்தான் குழந்தையைத் தட்டிக்கொண்டே, "அப்பா, மடிப்பாக்கம் வீட்டுல தண்ணிக்கு எவ்வளவு வாங்கறீங்க?" என்று கேட்டாள். பிரசவித்த பெண் கேட்கிற கேள்வியா இது? பதில் சொல்லாமல் பனிக்காலம் எப்போது ஆரம்பிக்கும் என்று விசாரித்தேன்.

இரண்டு வருஷம் கழித்து மாப்பிள்ளை ஒரு சேதி அனுப்பினார். வெரைசன் கம்பெனி 2008-இல் ஏலத்தில் எடுத்த ஓர் அலைக்கற்றையோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்தே வந்திருந்தது. (அலைக்கற்றை என்ற சொல் நம் ஊர் டீக்கடை வரை எப்படி வந்து சேர்ந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.) வாடிக்கையாளர் தனக்குப் பிடித்த ஆப்பைப் போட்டுக்கொள்வதைத் தடுக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. இவர்கள் என்ன செய்தார்கள் என்றால், லேப்டாப்புக்கு இலவசமாக இணைப்புக் கொடுக்கிற ஆப்களைத் தங்கள் வாடிக்கையாளர் கண்ணில் காட்டாதே என்று பெரிய ஆப் கடை ஒன்றிடம் சொல்லிவைத்திருந்தார்கள். அரசின் தொலைத்தொடர்பு ஆணையம் விசாரிக்க, 2012 ஜூலையில் 12.5 லட்சம் டாலர் கட்டிச் சமரசமானார்கள். அன்று சாயங்காலம் பெஞ்சில் என் குரல் தில்லை கங்கா நகர் வரை கேட்டிருக்கும். "அரசாங்கம்னா இப்படி இருக்கணும்! வாடகை வாங்கினியா, வாயை மூடிக்கிட்டு இரு. உள்ளே யார் வராங்க, யார் போறாங்கன்னு எட்டிப் பார்க்காதே!"

அந்த வார்த்தைகளைச் சொன்னது நான்தான். சத்தியமாக.

நம் ஊரில் சாதாரணமாக நாம் போடுகிற ரீசார்ஜில் ஹாட்ஸ்பாட்டுக்கு என்று தனிக் காசு கேட்பதில்லை. அந்த வகையில் புண்ணிய பூமி. ஆனால் அந்த வேலையை வேறொன்று சத்தமில்லாமல் செய்கிறது. அதன் பெயர் தினசரி வரம்பு. 2016 செப்டம்பர் 5-ஆம் தேதி ஜியோ வருவதற்கு முன்னால் நான் 1 ஜி.பி.யை ஒரு மாதத்துக்கு வைத்துக்கொண்டு, பத்திரிகை படித்ததும் டேட்டாவை அணைத்து, கேஸ் சிலிண்டரை மூடுகிற மாதிரி மூடிவைத்தவன். பிறகு அதே 1 ஜி.பி. ஒரே நாளைக்கு என்று ஆனது. கொஞ்ச நாள் சும்மாவே கொடுத்தார்கள். சும்மா கொடுத்தால் நாக்கு நீளுமல்லவா? நீண்டது. 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் எல்லாம் அடுத்தடுத்து கட்டணத்தை ஏற்றியபோது நீண்ட நாக்கைச் சுருக்கத் தெரியவில்லை. இப்போது எனக்குத் தினம் 1.5 ஜி.பி.

இதில் என்னைப் போன்றவனுக்கு ஒரு நரகம் இருக்கிறது. சாம்பார் மீந்தால் மறுநாள் சுடவைத்துக்கொள்ளலாம். டேட்டா மீந்தால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஊசிப்போய்விடும். பதினொன்றரைக்குப் பார்ப்பேன், 900 எம்.பி. மிச்சம் இருக்கும். மனசு கேட்குமா? உட்கார்ந்து பார்க்கத் தொடங்குவேன். கிணறு தூர்வாருவது எப்படி, ஜப்பானில் ரயில் பெட்டி கூட்டுவது எப்படி, பழைய குக்கர் கேஸ்கெட்டில் என்னென்ன செய்யலாம் என்றெல்லாம் பார்த்து, பன்னிரண்டு அடிப்பதற்குள் 850 எம்.பி.யைத் தீர்த்துவிட்டுத்தான் படுப்பேன். கண் எரிச்சல் என்று டாக்டரிடம் போனதில், சொட்டு மருந்துக்கு மட்டும் 140 ரூபாய் ஆயிற்று. அதையும் மீதி வைக்காமல் போட்டுத் தீர்த்தேன்.

அப்புறம் அந்த 28 நாள். மாதம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 28-ஐ 13-ஆல் பெருக்கினால் 364. வருஷத்துக்குப் பன்னிரண்டு வாடகை வாங்குகிறவன் நான், பதின்மூன்று ரீசார்ஜ் போடுகிறேன். 2022 ஜனவரியில் டிராய் உத்தரவு போட்டு, 30 நாளுக்கு ஒரு பிளானும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பித்துக்கொள்கிற மாதிரி ஒரு பிளானும் வைத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டது. வைத்திருக்கிறார்கள். ஆப்பில் விரலால் தள்ளிக்கொண்டே போனால், தள்ளுவண்டிக்காரர் அடியில் போட்டிருக்கிற நல்ல தக்காளி மாதிரி, ஒரு மூலையில் இருக்கும். நான் எடுப்பதில்லை. 28 நாள் பிளான் கொஞ்சம் ரூபாய் கம்மியாகத் தெரிகிறதே.

ஒருநாள் மனைவியிடம், "வாடகையையும் இனிமே 28 நாளைக்கு ஒருதடவை வாங்கினா என்ன?" என்று யோசனை கேட்டேன்.

"வாங்குங்க. பிப்ரவரி மாசத்துல யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க" என்றாள்.

அவளுடைய போனில் பேச மட்டும்தான் முடியும். இரண்டு பேருக்கும் டேட்டா எதற்கு, ஒரு ரீசார்ஜில் இருவர் சாப்பிடலாம் என்று நான் போட்ட திட்டம் அது. அவள் சீரியல் பார்க்கிற நேரத்துக்கு என் போனில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிடுவேன். பாஸ்வேர்டு எங்கள் கரண்டு கனெக்‌ஷனின் சர்வீஸ் நம்பர். அவளுக்கு தினம் 500 எம்.பி. ஒதுக்கீடு. மாதம் முடிவதற்குள் நான் எவ்வளவு பெரிய கம்பெனியாகிவிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. "நேத்து 620 எம்.பி. ஆயிருக்கு, இன்னிக்கு கழிச்சுக்கறேன்" என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன். ஒன்று மட்டும் நல்லது. ஹாட்ஸ்பாட் கொஞ்ச தூரம்தான் எட்டும். நான் தயிர் வாங்கக் கடைக்குக் கிளம்பினால், கதாநாயகி கண்ணீர் பாதியில் நின்றுவிடும். "என்னங்க, எங்க போறீங்க? சீக்கிரம் வந்துடுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும். நாற்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவள் என்னை இப்படித் தேடியதில்லை.

இந்தப் புத்தி எனக்கு ரத்தத்திலேயே வந்தது. 1976-இல் மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் போன் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும். கறுப்பு போன், கனம் அம்மிக்குழவி அளவு. தெருவில் பாதிப் பேர் எங்கள் நம்பரைத்தான் தங்கள் நம்பராகக் கொடுத்திருந்தார்கள். நம்பரின் பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டுவிட்டால் போதும், ஊரான் வீட்டு போன் என்று அர்த்தம். கல்யாணப் பத்திரிகையில்கூட எங்கள் நம்பர் பி.பி. போட்டு அச்சாகியிருக்கிறது. யாருடைய கல்யாணம் என்றே எங்களுக்குத் தெரியாது. போன் வந்தால், "நாலாம் வீட்டு மாமிக்கு போன்" என்று நான் ஓட வேண்டும். தெருக்கோடிக்கு ஓடிக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அந்தத் தெருவின் ஹாட்ஸ்பாட் நான்தான். சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் ஓடியதால் பெயர்ப் பொருத்தமும் இருந்தது.

வருகிற காலுக்கு அப்பா காசு வாங்க மாட்டார். இங்கிருந்து பேசினால் எட்டணா. போன் பக்கத்தில் ஹார்லிக்ஸ் டின் ஒன்று, மூடியில் ஓட்டை. டின்னில் விழுகிற சத்தத்தை வைத்தே எட்டணாவா நாலணாவா என்று அப்பா கூடத்திலிருந்து சொல்லிவிடுவார். அவர் இல்லாத நேரத்தில் யாரும் சுற்றிவிடக் கூடாது என்று டயலின் துளையில் ஒரு குட்டிப் பூட்டு. சாவி பூணூலில்.

அந்தப் பூட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. அது டயலைத்தான் கட்டிப்போடும். டயல் சுற்றும்போது உள்ளே நடப்பது என்னவோ இணைப்பு விட்டுவிட்டு வெட்டுப்படுவதுதான். ரிசீவர் வைக்கிற கட்டையை விரலால் தட்டினாலும் அதே வெட்டு. 5 வேண்டுமா, டக் டக் என்று ஐந்து தட்டு. 9-க்கு ஒன்பது. 0-வுக்குப் பத்து. தாளம் தப்பினால் வேறு யாரோ எடுத்துத் திட்டுவார்கள். மிருதங்க வகுப்புக்கு ஒரு வருஷம் போனதில் எனக்கு மிஞ்சிய பலன் இது ஒன்றுதான்.

அந்த ஏப்ரலில் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இந்தியா 403 ரன்னைத் துரத்தியது. எங்கள் ரேடியோ ரிப்பேர். நண்பன் வீட்டு ரேடியோவில் ஏதோ ஸ்டேஷன் கரகரவென்று ஸ்கோர் சொல்லிக்கொண்டிருந்தது. ராத்திரி அப்பா குறட்டை விட விட, நான் கட்டையைத் தட்டித் தட்டிப் பதினோரு தடவை ஸ்கோர் கேட்டேன். இந்தியா ஜெயித்தது. பில் வந்தபோது அப்பாவின் நோட்டுப்புத்தகத்தில் இருந்ததைவிடப் பதினோரு கால் அதிகம். அப்பா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு, "நாலாம் வீட்டு மாமிதான்" என்று தீர்ப்பு எழுதினார். அதற்கப்புறம் மாமிக்கு போன் வந்தால் நான் ஓட வேண்டாம் என்று உத்தரவு. மாமி கடைசிவரை காரணம் தெரியாமலேயே இருந்தாள். நானும் இதை இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

சரி, போன மாதத்துக்கு வருகிறேன். ஒரு திங்கட்கிழமை காலை மேல் போர்ஷன் வாசலில் ஐந்து ஜோடி. குடித்தனக்காரர் மனைவியின் அப்பா, அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார்கள். செவ்வாய் ஐந்து, புதன் ஐந்து. என் சட்டப்படி மூன்று நாள்வரை விருந்து. நாலாம் நாள் தண்ணீர். வியாழக்கிழமை சாயங்காலம் படியேறினேன்.

"தம்பி, விருந்தாளிங்க வந்திருக்காங்க போல. தண்ணிக்கு ஒரு 300 எக்ஸ்ட்ரா..."

"மாசம் 300 கொடுக்கறோமே சார்."

"அது மூணு பேருக்கு."

"போன மாசம் இருபது நாள் நாங்க ஊர்லயே இல்லையே சார். அந்தத் தண்ணி..."

"அது அந்த மாசத்தோட முடிஞ்சுது தம்பி."

சொல்லிவிட்டு இறங்கும்போது, இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. எங்கே என்று புரியவில்லை. அவர் ஒரு வார்த்தை பேசாமல் ஜிபே பண்ணிவிட்டார். கீழ்ப்படிக்கு வருவதற்குள் என் போன் டிங் என்றது.

அன்று ராத்திரி மச்சினன் மகன் மதுரையிலிருந்து வந்து இறங்கினான். இன்ஜினீயரிங் முடித்தவன். மறுநாள் நேரில் பார்க்க ஒருவர், அதற்கு முன் பதினோரு மணிக்கு ஆன்லைனில் ஒரு இன்டர்வியூ. சாப்பிடும்போது நான் என் ஹாட்ஸ்பாட் சொற்பொழிவை எடுத்துவிட்டேன். காபி, உறை, பானை எல்லாம் வந்தது.

"அது சரி, ஒரே போன்லேருந்துதானே டேட்டா போகுது. பின்னாடி லேப்டாப் இருக்கறது அவனுக்கு எப்படிடா தெரியும்?"

"அதுக்கு ஒரு வழி இருக்கு மாமா. நெட்ல போற ஒவ்வொரு பொட்டலத்துலயும் ஒரு நம்பர் எழுதியிருக்கும். போன்லேருந்து கிளம்பினா வழக்கமா 64. நடுவுல ஒவ்வொரு கை மாறும்போதும் ஒண்ணு குறையும். சுத்திச் சுத்தி வழி தெரியாம அலைஞ்சுக்கிட்டே இருக்கக் கூடாதுன்னு அந்த ஏற்பாடு. பூஜ்யம் ஆச்சுன்னா செத்துடும்."

64 என் வயசு. கொஞ்சம் நெருக்கமாக உட்கார்ந்தேன்.

"லேப்டாப்பும் 64-ல கிளம்புதுன்னு வைங்க. அது உங்க போன் வழியா வரும்போது ஒரு கை மாறிடுது. அப்ப கம்பெனிக்குப் போய்ச் சேரும்போது 63. விண்டோஸ்னா 128-ல கிளம்பி 127. போன்லேருந்து 63-ம் 127-ம் வந்தா, உள்ளே இன்னொரு ஆள் இருக்கான்னு தெரிஞ்சிடும். வெளிநாட்டுல இதை வச்சுக் கண்டுபிடிச்சிருக்காங்க."

"அடப்பாவிகளா! வீட்டுக்குள்ள எத்தனை பேர்னு வெளியிலேருந்தே எண்ணறானா? என்ன கேவலமான புத்தி!"

சமையலறையிலிருந்து மனைவி மோர் கொண்டுவந்து வைத்தாள். "செருப்பை எண்ணற மாதிரி" என்றாள்.

பையன் அவளைப் பார்த்தான். "எந்தச் செருப்பு அத்தை?"

"ஒண்ணுமில்லைடா. மோர் சாப்பிடு" என்றேன் நான்.

"அதை ஏமாத்தவும் வழி இருக்கு மாமா" என்று அவன் தொடர்ந்தான். "லேப்டாப்ல முன்னாடியே 65-ன்னு மாத்திட்டா, வந்து சேரும்போது 64 ஆயிடும். யாருக்கும் தெரியாது." எனக்கு மேலே இருப்பவர்கள் செருப்பை வீட்டுக்குள் எடுத்து வைத்துக்கொள்கிறார்களோ என்று ஒரு சந்தேகம் வந்து, அன்று ராத்திரி தூக்கம் போயிற்று. ஐந்துதானா, ஏழா?

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, தலைவன் தோரணையில் போனை மேஜைமேல் வைத்து ஹாட்ஸ்பாட்டைத் திறந்தேன். "கவலைப்படாதே, மாமா இருக்கேன். 1.5 ஜி.பி. முழுசும் உனக்கே." பையன் லேப்டாப்பைத் திறந்து இணைத்துவிட்டுக் குளிக்கப் போனான். அந்த லேப்டாப் இரண்டு வாரமாக நெட்டையே பார்த்ததில்லையாம். போன் வழியாக வருகிற இணைப்பு என்று நாம் சொல்லிவைக்காவிட்டால், வைஃபை கிடைத்துவிட்டது என்று நினைத்து, விரத காலம் முடிந்தவன் பந்தியில் உட்கார்ந்த மாதிரி தன் அப்டேட்டுகளை எல்லாம் இறக்க ஆரம்பித்துவிடும். ஆரம்பித்தது. போனில் பாதி தீர்ந்தது என்று ஒரு மெசேஜ், 90 சதவீதம் என்று இன்னொன்று. நான் வாசலில் கீரைக்காரியிடம், மருமகனுக்கு இன்டர்வியூ, என் நெட்டில்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தபோது மூன்றாவது மெசேஜ். இன்றைய டேட்டா முடிந்தது, இனி வேகம் 64 கே.பி.பி.எஸ்.

மறுபடியும் 64. என் வயசில் அது ஓடினால் எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும். எட்டால் வகுத்தால் வினாடிக்கு 8 கிலோபைட். 4 எம்.பி. போட்டோ ஒன்று வந்து சேர எட்டு நிமிஷத்துக்கு மேல். இதில் மனுஷ முகம் அசைந்து பேச வேண்டும்.

இருபது ரூபாய்ச் சொச்சத்துக்கு டேட்டா பேக் போட்டுவிடலாம் என்று ஆப்பைத் திறந்தேன். டேட்டா வாங்குவதற்கான கடை திறக்க டேட்டா வேண்டும். சக்கரம் சுற்றியது. சுற்றிச் சுற்றி ஒரு நடிகர் சிரிக்கிற விளம்பரம் மேலிருந்து கீழாக, நெற்றி, புருவம் என்று தவணை முறையில் வந்தது. மூக்கு வருவதற்குள் பணம் கட்டும் நேரம் முடிந்துவிட்டது என்றது. முனைக் கடைக்கு ஓடினேன். "ரீசார்ஜ் போடறதை நிறுத்தி வருஷமாச்சு சார். இப்பல்லாம் அவங்கவங்க போன்லயே போட்டுக்கறாங்க" என்றார் கடைக்காரர். அவர் போனிலிருந்து போட்டுத் தரச் சொல்லிக் கேட்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பதற்றத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

மணி 10.40. பையன் சட்டை, டை எல்லாம் கட்டிக்கொண்டு, கீழே லுங்கியோடு நின்றான். மனைவி என்னைப் பார்த்தாள்.

"மேல ஃபைபர் கனெக்‌ஷன் இருக்கு."

"தெரியும்."

"போங்க. நேத்து ஏறின படிதானே."

பதினெட்டுப் படி. எண்ணியிருக்கிறேன். மேலே போய் என் செருப்பைக் கழற்றினேன். எப்போதும் வெறுங்காலோடு, சத்தம் கேட்காமல்தான் போவேன். இன்று பதற்றத்தில் போட்டுக்கொண்டே வந்துவிட்டேன். கதவைத் தட்டுவதற்குள் ரோஸ் கலர் செருப்பின் சொந்தக்காரி திறந்தாள். கீழே பார்த்தாள். விரலை நீட்டி எண்ணினாள்.

"தாத்தா, இன்னிக்கு ஆறு! உங்களையும் சேத்து."

"என்ன கண்ணு?"

"தெனம் காலையில எண்ணுவீங்கள்ல? நானும் ஜன்னல்லேருந்து எண்ணுவேன். நேத்து அஞ்சு. நீங்களும் அஞ்சுதானே?"

உள்ளே கூடத்தில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் குடித்தனக்காரர் எழுந்துவிட்டார். "என்ன சார் இது, முன்னாடியே சொல்லக் கூடாதா? தம்பியை மேலயே வரச் சொல்லுங்க. ரூம்ல உட்கார்ந்து கதவைச் சாத்திக்கிட்டுப் பேசட்டும்." பையன் வந்தான். பாஸ்வேர்டைப் பத்துப் பேர் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இதுக்கு எவ்வளவு தம்பி..." என்று இழுத்தேன்.

"எதுக்கு சார்? அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கு."

பையன் பிறகு சொன்னான், அன்லிமிடெட் என்கிற ஃபைபருக்கும் பல கம்பெனிகளில் மாதம் 3,300 ஜி.பி. என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள் என்று. என் 1.5 ஜி.பி.யால் வகுத்துப் பார்த்தேன். 2,200 நாள். ஆறு வருஷச் சாப்பாட்டை இவர்கள் ஒரு மாதத்தில் தட்டில் வைத்துக்கொண்டு, எண்ணாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

திருநெல்வேலிக்காரர் எனக்கு நாற்காலி போட்டார். "உக்காருங்க அண்ணாச்சி. வந்த நாளா பாக்குதேன், உங்க வீட்டுத் தண்ணி நல்லாருக்கு. ரெண்டு வேளையும் குளிக்கேன்" என்றார். அவர் மனசில் ஒன்றும் இல்லை, உண்மையாகவே சொன்னார். அந்த அம்மா காபி கொண்டுவந்தார்கள். கெட்டிப் பாலில் போட்ட காபி. தண்ணீர் ஒரு சொட்டு கலக்கவில்லை. நாற்பது நிமிஷம் உள்ளே பையன் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தான். நான் கூடத்தில் வாழைப்பழச் சீப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைக் குழந்தையிடம் கொடுத்தேன். அவள் எண்ணிவிட்டு, "பதிமூணு" என்றாள்.

பையனை அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். திருநெல்வேலிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்விட்டார்கள். உரக்கச் சொன்ன பாஸ்வேர்டு எப்படியோ என் போனிலும் ஏறிவிட்டது. எங்கள் கூடத்து ஜன்னலோரம் நின்றால் ஒரு கோடு கிடைக்கிறது. மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்தால் நாலு கோடும் நிற்கிறது. மனைவியும் சாயங்காலம் சீரியலுக்கு அங்கேதான் வந்து உட்காருகிறாள். அவளுக்கு இப்போது ஒதுக்கீடு கிடையாது.

இதை எழுதுகிற இந்த நேரத்தில் மேல் போர்ஷன் வாசலில் நாலு ஜோடி செருப்பு கிடக்கிறது. நாலாவது என்னுடையது. அந்த 300 ரூபாயை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.